பன்னிரண்டாவது நாற்காலி

அருள்தாஸ் முப்பத்து நான்கு வருடம் ஒரே வேலையைத்தான் பார்த்தார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் கசிவுச் சோதனைப் பிரிவு. எண்ணெய்க் குழாய், டீசல் தொட்டி, வால்வு என்று எது வந்தாலும் உள்ளே அழுத்தம் ஏற்றிவிட்டு, கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் ஒரு சொட்டு வெளியே வந்தால் சிவப்புச் சீட்டு எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு சொட்டுதானே, கண்டுக்காமல் விடக்கூடாதா என்று யார் கெஞ்சினாலும் அவரிடம் ஒரே பதில்தான். "விழுந்தா எழுதணும்."

அப்படிக் கெஞ்சியவர்களில் முதல் ஆள் மேக்ஸ்வெல். இணைப்புப் பிரிவில் இருந்தவர், அருள்தாஸைவிட மூன்று வயது இளையவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் பெரம்பூர். அருள்தாஸ் திருச்சி பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். ஒருவர் பூட்டி அனுப்புவார், மற்றவர் சீட்டு எழுதித் திருப்புவார். இப்படியே சண்டை போட்டுக்கொண்டு இருவரும் ஓய்வு பெற்று, திருநின்றவூரில் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரே மனைப்பிரிவில் அடுத்த தெருவுக்கு அடுத்த தெருவில் வீடும் கட்டிக்கொண்டார்கள். இதற்கு நட்பு என்றுதான் பெயர், ஆனால் அதை இருவரிடமும் சொன்னால் இருவரும் மறுப்பார்கள்.

போன அக்டோபரில், ஓய்வூதியக்காரர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் அருள்தாஸின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற ஒன்று பதினான்கு இருப்பதாக வந்தது. நான்குக்குள் இருக்க வேண்டியது. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுப் பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்துச் சோதித்தார்கள். ஏழு இடத்தில் புற்றுநோய். புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி தன் உடம்பில், சிறுநீர்ப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் இருக்கிறது என்பதே அறுபத்தாறு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. வெளியே பரவவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். டிசம்பர் முதல் வாரம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்தார்கள்.

"எடுத்தா கொஞ்ச மாசத்துக்குச் சிறுநீர் கசியும். தானா கட்டுக்குள்ள வரும். பயப்படாதீங்க" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். உயிர் போகாது என்று கேட்ட சந்தோஷத்தில் அருள்தாஸ் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயை எடுத்த அன்று, கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். நின்ற இடத்திலேயே கால் வழியாக ஒழுகித் தரையில் தேங்கியது. எத்தனை ஆயிரம் வால்வுகளைத் திருப்பி அனுப்பிய மனிதர். அதைப் பார்த்து அவர் அழுதார். மனைவி ஞானசௌந்தரி துடைப்பதற்குத் துணியோடு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைத் துடைத்தார். பார்த்தால் இன்னும் அழுவார் என்று அவருக்குத் தெரியும்.

ஊருக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தபோது, ஹெர்னியா என்று சொல்லிவிடலாம் என்றார் அருள்தாஸ். ஹெர்னியா மரியாதையான வியாதி. கனமான சாமான் தூக்கினால் வருவது, உழைப்பாளிக்கு வருவது. புற்றுநோய் என்றால் பரிதாபப்படுவார்கள், புராஸ்டேட் என்றால் எங்கே என்று கேட்பார்கள், அடுத்த கேள்வி எதுவரை போகும் என்று சொல்ல முடியாது. உண்மை தெரிந்தது ஞானசௌந்தரிக்கும், பெங்களூரில் இருக்கும் மகள் ஜெபிஷாவுக்கும் மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசையில், ஹெர்னியா அறுவை சிகிச்சை செய்துகொண்ட சகோதரர் அருள்தாஸ் அவர்களுக்காக மன்றாடுவோம் என்று மைக்கில் வாசித்தார்கள். மொத்தக் கோவிலும் மன்றாடியது.

"கடவுள்கிட்டயே தப்பான அட்ரஸ் குடுத்துட்டீங்க" என்றார் ஞானசௌந்தரி, வீட்டுக்கு வந்ததும்.

ஜனவரியில் ஒரு நாள் காலை மேக்ஸ்வெல் வீட்டுக்கு வந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஞானசௌந்தரி உள்ளே போகும்வரை அரசியல் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாத்தே, ஒண்ணு கேக்கணும். ராத்திரில நாலு வாட்டி, அஞ்சு வாட்டி எந்திரிக்கிறேன். போய் நின்னாக்கா வரமாட்டேங்குது. முக்கிகினு நிக்க வேண்டிதா கீது. உனுக்கு ஆபரேசனுக்கு முன்னாடி இந்த மாதிரி எதுனா இருந்துச்சா?"

அருள்தாஸ் அப்போது லுங்கிக்குள் கசிவை உறிஞ்சும் பேடு கட்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது மூன்றாவது. கேள்வி கிட்டே வந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எனக்கு ஹெர்னியாப்பா. அது வேற. வயசானா இதெல்லாம் அப்படித்தான். ராத்திரி தண்ணி குடிக்கறதக் கொறைச்சிக்க."

மேக்ஸ்வெல் தலையாட்டிவிட்டுக் காபி குடித்துப் போனார். அருள்தாஸ் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. ஈயை விரட்டுவதுபோல் கை தானாக விரட்டியது. இரண்டு நாள் உறுத்தியது, பிறகு சொந்தக் கவலையில் மறந்துபோனது.

சொந்தக் கவலை நிறைய இருந்தது. பேடு வாங்க அவர் திருநின்றவூர் மருந்துக் கடைக்குப் போவதில்லை, ரயிலேறி ஆவடிக்குப் போய், அத்தைக்கு என்று சொல்லி வாங்கி வருவார். அந்த அத்தை இறந்து பதினோரு வருடமாகிறது. தும்மினால் கசியும். நாற்காலியிலிருந்து எழுந்தால் கசியும். சிரித்தால் கசியும் என்பதால் டி.வி.யில் காமெடி வந்தால் எழுந்து போய்விடுவார். இன்னொரு விஷயமும் போயிருந்தது. அறுபத்தாறு வயதில் அது பெரிதாக நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் வேண்டும்போது இருக்கிறது என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. அதைப் பற்றி ஒரே ஒரு தடவை மனைவியிடம் பேச வாயெடுத்தார். "நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்" என்று சொல்லி ஞானசௌந்தரி விளக்கை அணைத்தார். அருள்தாஸுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்துவதுபோல் உள்ளே தசையை இறுக்கிப் பத்து எண்ணி விட வேண்டும். அருள்தாஸ் மருத்துவமனைக்குப் போகும் மின்சார ரயிலில் இதைச் செய்வார். நெமிலிச்சேரியில் இறுக்கி, விட்டு, பட்டாபிராமில் இறுக்கி, இந்து கல்லூரி, ஆவடி, அண்ணனூர் என்று ஸ்டேஷனுக்கு ஒரு சுற்று. எதிர் சீட்டில் இருப்பவர்கள் பெரியவர் ஜபம் செய்கிறார் என்று நினைத்து இடம் விட்டு உட்காருவார்கள். மார்ச்சில் பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று வந்தது. நாளைக்கு ஆறு பேடு என்றிருந்தது மூன்றாகக் குறைந்தது.

இந்த நிலைமையில்தான் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து ஷோபனா ஓடி வந்தார். அவர்கள் தெருக்களைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். அந்தக் கோவிலுக்கு உட்பட்ட பங்கில் மொத்தம் பன்னிரண்டு அன்பியங்கள். அந்த வாரம் வரும் பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார் அல்லவா, அதற்கு அன்பியத்துக்கு ஒருவர் என்பது அங்கே வழக்கம்.

"அங்கிள், நம்ம அன்பியத்துலேர்ந்து உங்க பேரு குடுத்துட்டேன். ஹெர்னியா நல்லபடியா குணமாச்சுல்ல, அதுக்கு நன்றியா இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை. செவப்புத் துண்டு கோவில்ல குடுத்துருவாங்க."

மறுக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை. ஹெர்னியா மூன்று மாதத்தில் ஆறிவிடும் என்று ஊருக்கே தெரியும். அவரே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"போய்ச் சாமிகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றார் ஞானசௌந்தரி.

"யார்கிட்டயும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும், சோதனை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாலையில் வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு பேடு வைத்து, கூடத்தில் நாற்காலி போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். எழுந்தார். திரும்பி நின்று வேட்டியைக் காட்டினார். மூன்று நாளும் ஞானசௌந்தரி பார்த்து, "இல்லை" என்றார். வேட்டியில் கறை வருவதைவிட அருள்தாஸுக்கு வேறொரு பயம் இருந்தது. சாமியார் முழங்காலிட்டுக் காலைக் கழுவி, துடைத்து, குனிந்து பாதத்தில் முத்தம் கொடுப்பார். அப்போது அவர் முகம் மிகவும் கிட்டே வரும். வாடை வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக வியாழன் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்காமல் இருந்தால் இன்னும் எரியும், இன்னும் முட்டும் என்று மருத்துவமனையில் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஞானசௌந்தரி அந்தத் தாளை எடுத்து வந்து காட்டினார். அவர் வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

கோவில் நிரம்பி, வெளியே பந்தலிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குத் தனியாக ஒலிபெருக்கி. எப்போதும்போல் தாமதமாக வந்த மேக்ஸ்வெல் அங்கேதான் இருந்தார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அருள்தாஸின் அன்பியம் கடைசியில் தொடங்கப்பட்டது என்பதால் அவருக்குப் பன்னிரண்டாவது.

பிரசங்கம் முடிந்தது. இளம் சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலிக்கு முன் முழங்காலிட்டார். பூசைக்கு உதவும் கோவில் உபதேசியார் குடத்திலிருந்து தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சளசளவென்று பித்தளைத் தாம்பாளத்தில் விழுந்தது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அருள்தாஸுக்கு அடிவயிறு சுருக்கென்றது. அவ்வளவு பெரிய சோதனைக்காரர், மூன்று நாள் கடிகாரம் வைத்துச் சோதித்தவர், தண்ணீர் ஊற்றும் சத்தத்தை வைத்துச் சோதிக்கவில்லை. குழாயைத் திறந்தால் குழந்தைக்குக்கூட முட்டும் என்பது தெரிந்த விஷயம். அது அவர் மூளைக்கு எட்டவில்லை. இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

இறுக்கினார். பத்து எண்ணினார். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். நெமிலிச்சேரி, பட்டாபிராம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஆறாவது ஆளில் கொஞ்சம் போனது. எட்டாவதில் நன்றாகவே போனது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காததால் நெருப்பாக எரிந்தது. பத்தாவது ஆளின்போது தொடைக்குக் கீழே ஈரம் தெரிந்தது. சிவப்புத் துண்டின் நுனியை மெல்ல மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தார். எழுந்தால் பின்பக்கம் மொத்தக் கோவிலுக்கும் தெரியும்.

பாடல் குழுவினர் பாடிக்கொண்டிருந்த பாட்டு பதினோராவது ஆளோடு முடிந்துபோனது. அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கோவில் அமைதியாக இருந்தது. சாமியார் நகர்ந்து வந்து அருள்தாஸின் முன்னால் முழங்காலிட்டு, வலது காலைப் பிடித்தார். அருள்தாஸ் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். அருள்தாஸ் குனிந்து, அவர் காதோரம் மிகவும் மெல்லிய குரலில் சொன்னார்.

"வேணாம் சாமி. கிட்ட வராதீங்க. எனக்கு ஹெர்னியா இல்ல. புராஸ்டேட் கேன்சர். ஆபரேஷன் பண்ணதுல மூத்திரம் நிக்க மாட்டேங்குது. இப்ப நனைஞ்சுபோச்சு. நாத்தம் அடிக்கும்."

சாமியாரின் கழுத்துப்பட்டையில் மைக் இருந்தது. பிரசங்கத்துக்குப் போட்டதை யாரும் அணைக்கவில்லை.

ஒரு சொல் விடாமல் எல்லாம் கேட்டது. தூணுக்குத் தூண் மாட்டியிருந்த பெட்டிகளில் கேட்டது, பந்தலில் கேட்டது, வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கும் கேட்டது. தன் குரல் தனக்கே நாலாபுறமும் திரும்பி வந்தபோதுதான் அருள்தாஸுக்கு நடந்தது புரிந்தது. அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஷோபனா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அருகில் ஞானசௌந்தரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்றரை மாதமாகத் தலையில் இருந்த சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவர் முகம்.

சாமியாருக்கு முப்பத்திரண்டு வயதுதான். முகம் சிவந்துவிட்டது. கையை உயர்த்தி மைக்கை அணைத்தார். பிறகு அருள்தாஸின் காலைத் திரும்பவும் பிடித்து முன்னால் இழுத்து, தண்ணீர் ஊற்றச் சொல்லி, மற்றவர்களுக்குச் செய்ததைவிட அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல் கழுவித் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அருள்தாஸ் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சாகவில்லை, பூசை முடியும்வரை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் ஞானசௌந்தரி வந்து ஒரு பழைய சால்வையை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். கொண்டுவந்திருந்தார் போல. கோவில் முற்றத்தில் ஆட்கள் வழிவிட்டார்கள். பந்தல் காலுக்குப் பக்கத்தில் மேக்ஸ்வெல் நின்றிருந்தார்.

"அப்ப ஹெர்னியா இல்லியா?"

"இல்ல."

"நான் சனவரில வந்து கேட்டேனே அண்ணாத்தே."

"கேட்ட."

வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று அருள்தாஸ் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மேக்ஸ்வெல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அருள்தாஸ் அவமானத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. இத்தனை மாதம் எதற்காகப் பயந்தாரோ அது நடந்து முடிந்துவிட்டது, ஈர வேட்டியை ஊறப்போட்டதோடு சரி. மேக்ஸ்வெல் வந்து கேட்டதிலிருந்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று எண்ணிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மேக்ஸ்வெல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, சட்டையைப் போடச் சொல்லி, ஆவடியில் திறந்திருந்த பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தார். மேக்ஸ்வெல் கையை நீட்டினார். சனிக்கிழமை முடிவு வந்தது. அக்டோபரில் அருள்தாஸுக்கு வந்தது பதினான்கு. மேக்ஸ்வெலுக்குத் தொண்ணூற்றிரண்டு.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை இருவரும் ரயிலேறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த அருள்தாஸ் பழக்கத்தில் கண்ணை மூடி இறுக்கத் தொடங்கினார்.

"கண்ண மூடிகினு இன்னா பண்ற?"

அருள்தாஸ் சொன்னார். எதையும் மறைக்காமல், எந்தத் தசை, எத்தனை எண்ண வேண்டும் என்பதுவரை சொன்னார். அம்பத்தூரில் மேக்ஸ்வெலும் கண்ணை மூடிக்கொண்டார். கொரட்டூர் தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எனுக்கு செவப்புச் சீட்டுதானா?"

"டாக்டர் சொல்லட்டும்" என்றார் அருள்தாஸ். வேறு எதையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று வில்லிவாக்கம் வரை யோசித்தார்.

டாக்டர் தாள்களைப் பார்த்தார். மேக்ஸ்வெலைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்து கையைக் கழுவினார். குழாயில் தண்ணீர் விழுந்தது. அருள்தாஸ் இறுக்கிக்கொண்டார்.

"இந்தத் தொந்தரவு எப்ப ஆரம்பிச்சது?" என்றார் டாக்டர், பேனாவைத் திறந்து.

மேக்ஸ்வெல் அருள்தாஸின் பக்கம் திரும்பவில்லை.

"இப்பத்தான் டாக்டர். ஒரு மாசமா கீது."

அருள்தாஸுக்குப் புரிந்தது. முப்பது வருடம் தன்னிடம் சிவப்புச் சீட்டு வாங்கியவர், ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் விடுகிறார். அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த அறையில் மைக்கும் இல்லை.

"இல்ல டாக்டர்" என்றார். "ஜனவரியிலயே இருந்துச்சு. என்கிட்டதான் வந்து கேட்டான். எனக்கு இதே வியாதின்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வயசானா அப்படித்தான்னு நான்தான் அனுப்பிட்டேன்."

டாக்டர் இருவரையும் ஒரு தடவை பார்த்தார். ஜனவரி என்று எழுதினார். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே நீள நாற்காலியில் உட்கார்ந்ததும், "அத்த ஏன் சொன்ன? நான்தான் வுட்டுட்டேன்ல" என்றார் மேக்ஸ்வெல்.

"விழுந்தா எழுதணும்" என்றார் அருள்தாஸ்.

மேக்ஸ்வெல் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவருக்கு நடுவில் அழுகை வந்துவிட்டது. அருள்தாஸ் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார், முப்பது வருடத்தில் முதல் தடவையாக. ஸ்கேன் சீட்டை மேக்ஸ்வெல் தொலைத்துவிடுவார் என்று தன் சட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.